கொல்லப்படும் நேரத்தில் உண்மையிலேயே பாடினார்களா?

சாந்தினி சௌக்கில் இருக்கும் சீஸ் கஞ்ச் குருத்வாராவுக்கு முதல் தடவை போய்வந்த ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார்: "சீக்கியரின் ஒன்பதாம் குருவான தேக் பகதூர் தலை வெட்டப்படும்வரை ஜபித்துக்கொண்டிருந்தார் என்று அங்கே சொன்னார்கள். நம் ஊரில் அப்பர் சுண்ணாம்புக் காளவாயில் உட்கார்ந்து பாடினார் என்கிறோம். எரிக்கப்படும்போது பாடிய கிறிஸ்தவர்களும் உண்டாம். இதெல்லாம் நிஜமாக நடந்ததா, இல்லை பின்னால் வந்தவர்கள் பக்தியில் சேர்த்ததா? நடந்திருந்தால், எந்தப் பாட்டு அவர்களுக்கு ஆறுதல் தந்தது?" இதில் வெளிப்படையாக இருப்பவை இரண்டு கேள்விகள். உள்ளே மூன்றாவது ஒன்றும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அப்படிப்பட்ட வேளையில் ஒரு பாட்டால் ஒரு மனிதரைத் தாங்க முடியுமா என்பதே அது. மூன்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் தில்லிக் கல்லூரி ஒன்றில் நீண்ட காலம் இடைக்கால இந்திய வரலாறு கற்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் ஆராதனையில் பாடகர் குழுவோடு பாடுகிறேன். உடம்புக்கு முடியாதவர்கள் வீட்டுக்குப் பாடப் போவதும் உண்டு. இறையியல் படித்த ஆள் இல்லை. ஆகவே பாட்டுகளின் உட்பொருளை விளக்குவதைவிட, யார் பார்த்தார்கள், எப்போது எழுதினார்கள் என்ற பக்கத்திலிருந்துதான் என்னால் உறுதியாகப் பேச முடியும்.

சுருக்கமான பதில் இது: பாடினார்கள். எல்லாரையும் பற்றி அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் பலரைப் பற்றி அழுத்தமான சாட்சியம் இருக்கிறது. எந்தப் பாட்டு என்று பார்த்தால், சாவுக்கென்று தனியாக இயற்றிய பாட்டை அவர்கள் தேடிப்போனதாக அநேகமாக எங்கும் காணோம். காலையிலும் இரவிலும் தினமும் சொன்னதை, சின்ன வயதில் மனப்பாடம் செய்ததைத்தான் சொன்னார்கள். நூற்றாண்டுகளும் மதங்களும் மாறினாலும் இது மாறவில்லை.

சாட்சியம் பலமாக உள்ள இடத்திலிருந்து தொடங்குவோம். 1597 பிப்ரவரி 5, ஜப்பானின் நாகசாகி. தோயோதோமி ஹிதேயோஷியின் கட்டளைப்படி 26 பேரைச் சிலுவைகளில் கட்டி ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். அந்த ஊரிலேயே இருந்த லூயிஸ் ஃப்ரோய்ஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் சில வாரங்களுக்குள் அதை விரிவாக எழுதிவைத்தார். அதே வருடம் அவரும் இறந்துபோனார். சிலுவையில் தொங்கிய அந்தோணி என்ற சிறுவன், பைபிளில் சங்கீதங்கள் என்று வரும் பாட்டுகளில் 113ஆவதை லத்தீனில் பாடத் தொடங்கினான் என்கிறார். அந்தச் சங்கீதத்தை அவன் எங்கே கற்றான் என்பதையும் சொல்கிறார்: நாகசாகியில் நடந்த ஞானோபதேச வகுப்பில், பிள்ளைகளுக்குப் பாடமாகக் கொடுத்த பாட்டுகளில் அதுவும் ஒன்று. இன்னொருவர் "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்ற 31ஆம் சங்கீதத்து வரியைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த 26 பேரில் நம் நாட்டவர் ஒருவரும் உண்டு, கொன்சாலோ கார்சியா. மும்பையை அடுத்த வசாயில் பிறந்தவர், பிரான்சிஸ்கன் சபைச் சகோதரர். சிலுவையில் அவர் உரத்த குரலில் சொன்னது 'பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே'யும் 'அருள் நிறைந்த மரியே'யும்தான். கத்தோலிக்க வீடுகளில் பேசப் பழகும் குழந்தைக்கு முதலில் சொல்லித்தரும் ஜெபங்கள் இவை. ஒருவர் புகழைப் பெரிதாக்க நினைத்து எழுதியிருந்தால் இதைவிடக் கம்பீரமான எதையாவது அவர் வாயில் வைத்திருப்பார்கள். இவ்வளவு எளிமையாக இருப்பதாலேயே எனக்கு இந்தச் செய்தியில் நம்பிக்கை அதிகம்.

பொஹீமியாவின் போதகர் யான் ஹுஸ் விஷயமும் இதே தரத்தில் சேரும். 1415 ஜூலை 6 அன்று கான்ஸ்டன்ஸ் நகரில் திருச்சபையின் பொதுச்சங்கம் அவரை எரிக்கத் தீர்ப்புக் கொடுத்தது. அவரோடு கூட வந்திருந்த பேத்ர் என்ற செக் நாட்டவர் அந்த நாளைப் பற்றி எழுதிய பதிவு நமக்குக் கிடைத்திருக்கிறது. கொலைக்களத்தில் ஹுஸ் மண்டியிட்டு 51ஆம் சங்கீதத்தையும் 31ஆம் சங்கீதத்தையும் சொன்னார். தீ மூட்டிய பிறகு, "ஜீவனுள்ள தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்துவே, எங்களுக்கு இரங்கும்" என்று பாடத் தொடங்கினார். மூன்றாம் முறை பாடும்போது காற்று தீச்சுவாலையை அவர் முகத்தில் வீசியது. குரல் நின்றது, உதடுகள் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தன. அவ்வளவுதான் அந்தப் பதிவில் இருக்கிறது. அற்புதம் எதையும் அது சேர்க்கவில்லை.

இந்த 31, 51 இரண்டையும் கவனியுங்கள். பிளாரன்ஸ் நகரின் துறவி சவோனரோலா 1498இல் சித்திரவதைக்குப் பின் சிறையில் உட்கார்ந்து விளக்கம் எழுதியது இந்த இரண்டு சங்கீதங்களுக்குத்தான். 1535 ஜூன் 22 அன்று லண்டனில் தலை வெட்டப்பட்ட ரோச்செஸ்டர் பிஷப் ஜான் ஃபிஷர் மேடையில் சொன்னது 31. இரண்டு வாரம் கழித்து அதே மன்னன் எட்டாம் ஹென்றியின் ஆணையால் இறந்த தாமஸ் மோர் சொன்னது 51. ஹுஸ் கத்தோலிக்க சபையால் கொல்லப்பட்டவர்; ஃபிஷரும் மோரும் கத்தோலிக்க சபைக்காக உயிர் கொடுத்தவர்கள். ஒரு மேடையில் ஏறியிருந்தால் ஒருவரையொருவர் மறுத்துப் பேசியிருப்பார்கள். கடைசியில் மூவருக்கும் இருந்தவை இந்த இரண்டு சங்கீதங்கள்தான். தீர்ப்புச் சொன்னவர்களும் அதே சங்கீதங்களைத் தங்கள் ஜெபவேளைகளில் ஓதி வந்தவர்கள்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

"ஆதரவாளர்கள் எழுதியதை எப்படி நம்புவது?" என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு நான் எதிர்த்தரப்பு என்ன செய்தது என்று பாருங்கள் என்பேன். பிரான்சில் கத்தோலிக்க சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்த சபையாரை, அதாவது புராட்டஸ்டன்டுகளைக் கொல்லக் கொண்டுபோகும்போது நாக்கை அறுப்பதும், வாயை அடைப்பதும், முரசடித்துக் குரலை மூழ்கடிப்பதும் நடந்தன. யாரும் பாடவில்லை என்றால் முரசுக்கு என்ன வேலை? 1546இல் மோ நகரத்தார் 14 பேர் எரிக்கப்பட்டபோது, நாக்கு அறுபடாதவர்கள் சங்கீதம் பாடினார்கள். அதை அமுக்கப் பாதிரிமார்கள் 'சால்வே ரெஜினா' என்ற மரியன்னைப் பாட்டை உரக்கப் பாடினார்கள் என்று சீர்திருத்த சபையாரின் பதிவு சொல்கிறது. 1762 பிப்ரவரி 19 அன்று தூலூஸ் நகரில் தூக்கிலிடப்பட்ட ஃபிரான்சுவா ரோஷெத் என்ற இளம் போதகர் 118ஆம் சங்கீதத்தைப் பாடிக்கொண்டே போனார்: "இது கர்த்தர் உண்டுபண்ணின நாள், இதிலே களிகூர்ந்து மகிழக்கடவோம்." பிரான்சில் சீர்திருத்த சபைப் போதகராக இருந்த குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட கடைசி ஆள் அவர்.

மோ நகரில் பிறர் குரலை அடக்கப் பயன்பட்ட அதே சால்வே ரெஜினா, 1794 ஜூலை 17 அன்று பாரிஸில் கில்லட்டின் அடியில் கேட்டது. கொம்பியேன் ஊர்க் கார்மேல் மடத்தைச் சேர்ந்த 16 பேரைப் புரட்சி அரசு கொன்ற நாள் அது. வண்டியில் போகும்போதும் மேடையடியிலும் அவர்கள் பாடினார்கள் என்பதில் ஐயம் வேண்டாம். எந்தப் பாட்டு முதலில், எது கடைசியில் என்பதில் மட்டும் பதிவுகள் ஒத்துப்போகவில்லை; அன்று ஊரில் இல்லாததால் தப்பித்த சகோதரி ஒருவர் பிறகு விசாரித்து எழுதியதே நமக்கு முக்கிய ஆதாரம். கொலை நடந்தது மாலை வேளை. சால்வே ரெஜினா மடங்களில் இரவு ஜெபத்தின் முடிவில், படுக்கப் போகுமுன் பாடுவது. அவர்கள் அன்றைய ஜெபத்தை முறைப்படி முடித்தார்கள் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். 2024 டிசம்பரில் இவர்கள் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள்.

யூத மரபில் ரபி அகீவா பற்றிய செய்தியும் இதையே சொல்கிறது. கி.பி. 135 வாக்கில் ரோமர்கள் இரும்புச் சீப்பால் அவர் சதையைக் கிழித்தபோது, யூதர்கள் காலையிலும் இரவிலும் ஓதும் 'ஷெமா' என்ற ஜெபத்தைச் சொன்னார் என்று யூதர்களின் மறைநூல் தொகுப்பான தல்மூத் கூறுகிறது. ஏன் ஷெமா? அது ஷெமா சொல்ல வேண்டிய வேளை, அதனால் என்கிறது அந்த இடம். தல்மூத் தொகுக்கப்பட்டது சில நூற்றாண்டுகள் கழித்து. எனவே நாகசாகிப் பதிவுக்குக் கொடுக்கும் எடையை இதற்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் அந்தச் சமூகம் தன் ஆசானின் சாவை எப்படி நினைவு வைத்தது என்பதற்கு இது நல்ல சாட்சி.

சரி, இனி நம் தில்லிக்கு வருவோம். குரு தேக் பகதூர் 1675 நவம்பர் 11 அன்று சாந்தினி சௌக்கில், கோத்வாலி என்ற நகரக் காவல் நிலையத்தின் பக்கத்தில், ஔரங்கசீப் ஆட்சியில் தலை வெட்டப்பட்டார். இது உறுதி. அவருக்கு முன் பாய் மதி தாஸ், பாய் தயாலா, பாய் சதி தாஸ் மூவரும் அவர் கண்முன்னே கொடூரமாகக் கொல்லப்பட்டதாகச் சீக்கிய மரபு சொல்கிறது. அவர் மகன் குரு கோவிந்த் சிங் பெயரில் வழங்கும் 'பசித்தர் நாடக்' என்ற பாடல் நூல், தந்தை தலையைக் கொடுத்தார், ஒரு முனகல்கூட எழுப்பவில்லை என்கிறது. காலத்தால் மிக அருகில் உள்ள வாசகம் அது; அந்த இடத்தில் ஜப்ஜி என்ற ஜெபத்தைப் பற்றிய பேச்சு இல்லை. கடைசி நேரத்தில் ஜப்ஜி ஓதினார் என்பது மரபு வழியாக வந்தது. நான் அதைத் தள்ள மாட்டேன். ஜப்ஜி என்பது சீக்கியர்கள் ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் ஓதுவது. குருவாக வாழ்ந்தவர் வாழ்நாள் முழுவதும் காலையில் ஓதியதை அன்று காலையிலும் ஓதியிருப்பார் என்பது மிக இயல்பானது. ஆனால் 'இயல்பானது' என்பதும் 'நிரூபணமானது' என்பதும் ஒன்றல்ல.

அவர் இயற்றிய 57 சலோகங்கள் குரு கிரந்த் சாகிபின் கடைசிப் பக்கங்களில் இருக்கின்றன. முழுப் பாராயணம் முடியும் போக் வேளையில் இவை ஓதப்படும். கேட்டவர்களுக்கு அந்த மெட்டு மறக்காது. கோத்வாலிச் சிறையில் இருந்தபோது இவற்றை எழுதி மகனுக்கு அனுப்பினார் என்பார்கள். சலோகங்களுக்குள் தில்லி, சிறை, ஔரங்கசீப் என்ற பேச்சே இல்லை. நிலையாமை, உறவின் எல்லை, பயமின்மை, நாமம், இவைதான் பொருள். ஒன்றில் சொல்கிறார்: நடக்கக் கூடாதது நடந்தால் அல்லவா கவலைப்பட வேண்டும், இந்த உலகத்தின் வழியில் நிலைத்திருப்பவர் யாரும் இல்லையே. இன்னொன்றில்: பலம் போய்விட்டது, கட்டுகள் பூட்டப்பட்டுவிட்டன, ஒரு வழியும் இல்லை; இனி ஹரியே, யானைக்கு உதவியதுபோல் உதவு. கஜேந்திர மோட்சக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வரி உடனே உள்ளே போகும். அடுத்த சலோகம் இதற்கு மறுமொழிபோல வருகிறது: பலம் வந்தது, கட்டுகள் அறுந்தன, எல்லாம் கைகூடும். இந்த மறுமொழி மகன் குரு கோவிந்த் சிங் எழுதியது என்று ஒரு மரபு உண்டு. சில பழைய சுவடிகளில் அதற்கேற்ற குறிப்பும் இருக்கிறது. இன்றைய அச்சுப் பதிப்பு 57ஐயும் ஒன்பதாம் குருவின் பெயரிலேயே தருகிறது. சலோகங்கள் அவருடையவை என்பது உறுதி. எல்லாம் அந்தச் சிறையில் பிறந்தவை என்பதை ஐயத்தோடு வைத்திருப்பதே நேர்மை. எங்கே எழுதியிருந்தாலும், யானை வரியை எழுதியவர் கட்டுண்ட நிலையை நன்றாக அறிந்தவர்.

அவருடைய தாத்தா குரு அர்ஜன் 1606இல் லாகூரில் கொல்லப்பட்டதற்கு ஜஹாங்கீரின் சொந்த நினைவுக்குறிப்பே சாட்சி. ஆணையிட்டவன் தானே எழுதிவைத்திருக்கிறான். காய்ச்சிய இரும்புத் தட்டில் உட்கார வைத்தார்கள், அப்போது "நீ செய்வது எனக்கு இனிக்கிறது" என்ற தன் பாட்டைச் சொன்னார் என்பது மரபு. பாட்டு அவருடையதுதான், ஆசா ராகத்தில் இருக்கிறது. ஆனால் அது தட்டில் பிறந்ததற்குப் பாட்டுக்குள் தடயம் கிடையாது. ஜாமா மசூதி வாசலருகே அடக்கமாகியிருக்கும் சூஃபி சர்மத் கடைசியாகச் சொன்னதாக வழங்கும் பாரசீக வரிகளையும் இதே கவனத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அப்பர். தமிழ் வாசகர்கள் அதிகம் கேட்பது இவரைப் பற்றித்தான், எனக்கும் இங்கே சொல்ல நிறைய இருக்கிறது. சமணர் சொல்கேட்டுப் பல்லவ மன்னன் ஏழு நாள் நீற்றறை எனும் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்ததும், நஞ்சு கொடுத்ததும், யானையை ஏவியதும், கல்லோடு கட்டிக் கடலில் போட்டதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிகமும், வரிசையாக நாம் கேட்பது சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்னபடி. அப்பர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டு, சேக்கிழார் எழுதியது 12ஆம் நூற்றாண்டு. நடுவில் ஐந்நூறு வருடம். இடையில் வந்த சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அப்பரை வணங்குவதோடு நிறுத்திக்கொள்கிறார், துன்புறுத்தலைச் சொல்லவில்லை.

அப்படியானால் எல்லாமே சேக்கிழாரின் கற்பனையா? அதுவும் இல்லை. அப்பரின் சொந்தப் பாட்டுகளைப் புரட்டுங்கள். திருநனிபள்ளிப் பதிகத்தில், "வஞ்சனைப் பால்சோறு ஆக்கி வழக்கிலா அமணர் தந்த நஞ்சு அமுது ஆக்குவித்தான்" என்கிறார். திருநீலக்குடியில், "கல்லினோடு எனைப் பூட்டி அமண்கையர் ஒல்லை நீர்புக நூக்க" என்று தன்னைப் பற்றியே சொல்லி, அரன் நாமம் சொல்லி உய்ந்தேன் என்று முடிக்கிறார். ஆக நஞ்சும் கல்லும் அவர் வாயாலேயே வந்தவை. இவை நடந்து முடிந்தபின் நினைத்துப் பாடியவை என்பதையும் பார்க்க வேண்டும். "கற்றுணைப் பூட்டியோர் கடலில் பாய்ச்சினும் நற்றுணை ஆவது நமச்சிவாயவே" என்ற புகழ்பெற்ற வரியோ 'பாய்ச்சினும்' என்று பொதுவாகத்தான் பேசுகிறது. கடலுக்குள் பாடியதா, கரையேறிய பின்பா, வேறு நாளிலா என்று அந்த வரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கடலுக்குள் அவர் பற்றிக்கொண்டது எது என்று நீலக்குடிப் பாட்டு நேராகச் சொல்லிவிடுகிறது: நாமம். எந்நாளும் சொன்ன ஐந்தெழுத்து.

"மாசில் வீணையும் மாலை மதியமும் வீசு தென்றலும் வீங்கிள வேனிலும் மூசு வண்டறை பொய்கையும் போன்றதே ஈசன் எந்தை இணையடி நீழலே." இதில் சூளை இல்லை, நெருப்பு இல்லை, அரசன் இல்லை. வீணை, நிலா, தென்றல், பொய்கை, நிழல், இவ்வளவுதான். கரோல் பாக்கில் ஜூன் மாத மத்தியானத்தில் மின்சாரம் போன வீட்டில் உட்கார்ந்து இதைச் சொல்லிப் பாருங்கள், சேக்கிழார் ஏன் இதைக் கொண்டுபோய் நீற்றறையில் வைத்தார் என்று புரியும். அந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு தமிழில் இல்லை. பாட்டு அங்கே பிறந்ததா என்று உறுதிசெய்ய வழியில்லை. அங்கே அதைப் பொருத்திப் பார்த்த தமிழ்ச் சமூகம் ஆறுதல் என்றால் என்ன என்பதை நன்றாக அறிந்திருந்தது. மன்னன் ஆள் அனுப்பியபோது பாடியதாகச் சொல்லும் "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்" வேறு வகை. அது ஆறுதல் கேட்கவில்லை, மறுக்கிறது. இரண்டையும் ஒரே மனிதர் பாடியிருக்கிறார் என்பதை மறக்காமல் வாசிக்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது சரியாகாது. இந்தக் கதையில் சமணர் தரப்பு நமக்குக் கேட்கவில்லை. அதே பெரியபுராணம்தான் மதுரையில் சமணர் எண்ணாயிரம் பேர் கழுவேறியதையும் சொல்கிறது. வேறு சான்று இல்லாததால் பல வரலாற்றாசிரியர்கள் அதை நடந்த செய்தியாக ஏற்பதில்லை. ஆனாலும் அந்தக் கதையைச் சொல்லி வந்த மரபு நம்முடையது. துன்பப்பட்டவர் பாட்டை நெஞ்சில் வைக்கும்போது, மற்றொரு பக்கத்தில் துன்பப்பட்டவர்களின் பாட்டு நம் கைக்கு வந்து சேராமலே போயிருக்கலாம் என்பதையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜெர்மனியில் சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய லூத்தர் விஷயத்தில் ஒரு கட்டுக்கதையை நேராகவே மறுக்கலாம். 1521இல் வோர்ம்ஸ் நகருக்கு விசாரணைக்குப் போகும் வழியில் 46ஆம் சங்கீதத்தைத் தழுவி, கடவுளைக் கோட்டை என்று பாடும் தன் புகழ்பெற்ற பாட்டை இயற்றினார் என்பது தவறு; அந்தப் பாட்டு 1520களின் கடைசியில்தான் வருகிறது. நடந்தது இன்னும் அழகானது. 1530இல் ஔக்ஸ்பர்க் நகரில் அவருடைய கூட்டாளிகள் பேரரசர் முன் நின்றபோது, தண்டனை விதிக்கப்பட்டவர் என்பதால் அவர் அங்கே போக முடியாமல் கோபுர்க் கோட்டையில் தங்கியிருந்தார். "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்" என்ற 118ஆம் சங்கீத வரியை அறைச் சுவரில் எழுதிவைத்தார். அக்டோபரில் லுட்விக் சென்ஃபிள் என்ற இசையமைப்பாளருக்குக் கடிதம் எழுதி, "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்ற வரிக்குப் பல குரலில் இசை கேட்டார். சிறு வயதிலிருந்தே அந்த மெட்டு தனக்குப் பிடிக்கும் என்கிறார். அதுவும் மடத்து இரவு ஜெபத்தில் வரும் வரிதான்.

அப்புறம் ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர். 1943 ஏப்ரலில் கைதாகி பெர்லின் தேகல் சிறையில் வைக்கப்பட்டார். தனிமையில் கழிந்த முதல் 12 நாள்களில் பவுல் கெர்ஹார்ட்டின் பாட்டுகளும் சங்கீதங்களும் எதிர்பாராத அளவுக்குத் தனக்கு உதவின என்று அந்த நவம்பரில் நண்பருக்கு எழுதுகிறார். அடுத்த வருடம் டிசம்பரில் தனக்கு நிச்சயமான பெண்ணுக்கு எழுதிய கடிதத்தோடு ஒரு கவிதை அனுப்பினார். பின்னால் பலர் இசையமைத்து இன்று உலகமெங்கும் பாடப்படும் "நல்ல வல்லமைகளால்" என்ற பாட்டு அது. இதெல்லாம் அவர் கைப்பட எழுதியது, கேள்விக்கு இடமில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று ஃபிளோசன்பர்கில் தூக்குமரத்தின் முன் மண்டியிட்டு அமைதியாக ஜெபித்தார் என்ற செய்தி மட்டும் பத்து வருடம் கழித்து அந்த முகாம் மருத்துவர் சொன்னது. அதை ஆராய்ந்தவர்கள் பலர் நம்புவதில்லை. மேடைகளில் அதிகம் கேட்பது இதைத்தான். கடிதங்கள் இருக்கும்போது நமக்கு அந்த மருத்துவர் தேவையில்லை.

கெர்ஹார்ட் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து பிள்ளைகளில் நால்வரைப் பறிகொடுத்தவர். ஆட்சியாளரின் மத ஆணைக்குக் கையெழுத்துப் போட மறுத்து 1666இல் பெர்லினில் பதவியிழந்தவர். பெரிய வெள்ளிக்கிழமை தமிழ் ஆலயங்களில் நாம் பாடும் "இரத்தம் காயம் குத்தும்" அவருடைய ஜெர்மன் பாட்டிலிருந்து வந்ததுதான். 18ஆம் நூற்றாண்டில் சென்னை வேப்பேரியில் இருந்த ஃபப்ரீஷியஸ் ஐயர் ஜெர்மன் ஞானப்பாட்டுகள் பலவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அவரும் முதுமையில் சிறையில் இருந்தார். கடனுக்காக, விசுவாசத்துக்காக அல்ல, எனவே இந்த வரிசையில் அவரைச் சேர்க்க மாட்டேன்.

பாட்டு எப்போதும் ஆறுதல் தந்ததா? இல்லை. சவோனரோலா 31ஆம் சங்கீதத்துக்கு எழுதத் தொடங்கிய விளக்கம், துயரம் பெரும் படையோடு வந்து என்னை முற்றுகையிட்டிருக்கிறது என்று ஆரம்பிக்கிறது. நம்பிக்கையும் துயரமும் மாறி மாறி அவரோடு வாதாடுகின்றன. சில வசனங்களுக்கு மேல் போகவில்லை. மே 23 அன்று தூக்கிலிட்டு எரித்துவிட்டார்கள். சிலுவையில் இயேசு சொன்னதும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியான "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற கேள்விதான். இந்தப் பாட்டுகள் தப்பித்துவிடுவாய் என்று வாக்குக் கொடுப்பதில்லை. பயத்தைச் சொல்லவும் வார்த்தை கொடுக்கின்றன. புதிதாக வார்த்தை தேட மனதில் தெம்பு இல்லாத வேளையில் அது சின்ன உதவி இல்லை.

நோயாளிகள் வீட்டில் பாடும்போது நான் கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது. முனிர்காவிலும் மயூர் விஹாரிலும் கடைசி நாள்களில் இருந்த பெரியவர்கள் அலங்காரமான புதுப் பாட்டைக் கேட்டு நான் பார்த்ததில்லை. "என்னோடிரும், மா நேச கர்த்தரே" பாடுங்கள் என்பார்கள், மாலை ஆராதனையில் எத்தனையோ வருடம் பாடியது. ஹென்றி லைட் என்ற போதகர் காசநோயோடு இருந்த காலத்துப் பாட்டின் தமிழ் வடிவம் அது. காந்திக்குப் பிடித்த பாட்டு என்பதால், குடியரசு தின விழாவின் நிறைவாக ஆண்டுதோறும் ஜனவரி 29 அன்று விஜய் சௌக்கில் ராணுவ வாத்தியக் குழு வாசித்துவந்தது, 2022இல் நிறுத்தப்பட்டது. 1915இல் பிரஸ்ஸல்ஸில் சுட்டுக் கொல்லப்பட்ட செவிலியர் எடித் காவெல், முந்தின இரவு பாதிரியார் இதே பாட்டைச் சொன்னபோது தானும் மெல்லச் சேர்ந்துகொண்டார் என்று அந்தப் பாதிரியாரே எழுதியிருக்கிறார். காவெல் மதத் தலைவர் இல்லை, ஆனால் சாட்சியம் முதல் தரமானது.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று நீங்கள் அடுத்துக் கேட்டால்: சீஸ் கஞ்சுக்கு மறுபடி போங்கள், இந்தத் தடவை விடியற்காலையில். போக் நடக்கும் நாளை விசாரித்துக்கொண்டு போனால் 57 சலோகங்களையும் கேட்கலாம். அர்த்தத்தை முன்னாலேயே இந்தியிலோ தமிழிலோ ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள். அப்பருக்கு, பெரியபுராணத்தைத் திறக்கும் முன் நனிபள்ளி, நீலக்குடிப் பதிகங்கள் இரண்டையும் படியுங்கள். சங்கீதங்களில் 31ஐ முழுக்க ஒரே மூச்சில் வாசியுங்கள். எல்லாரும் மேற்கோள் காட்டும் வரி ஐந்தாம் வசனம்தான், அதற்குப் பிறகு வரும் புலம்பலையும் விடாதீர்கள்.